மரக்காணம் உப்பளம் பார்க்கப் போறீங்களா? புதுச்சேரியில எந்தப் பக்கம் ரூம் போடுறதுனு முதல்ல முடிவு பண்ணுங்க!

கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாத்திகள், வரிசையாக வெள்ளைக் குவியல்கள், பின்னால் சிவந்து எழும் சூரியன். மரக்காணம் உப்பளத்தின் இந்த ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. சென்னையில் இருந்து ஈசிஆர் வழியாகச் சுமார் 120 கி.மீ. புதுச்சேரியில் இருந்து வெறும் 35 கி.மீ. அதனால் பெரும்பாலானவர்கள் போடும் பிளான் ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை இரவு புதுச்சேரி, சனிக்கிழமை காலை உப்பளம், மதியம் மீன் சாப்பாடு, மாலை பீச் ரோடு.

பிளான் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது சொதப்புவது எங்கே தெரியுமா? ஹோட்டல் புக் பண்ணும்போதே.

புக்கிங் ஆப்பில் போட்டோவைப் பார்த்து, 'பிரேக்ஃபாஸ்ட் இலவசம்' என்ற பச்சை எழுத்தைப் பார்த்து, ரேட்டிங் 4-க்கு மேல் என்றால் புக் செய்துவிடுகிறோம். பல ஹோட்டல்களில் காலை உணவு தொடங்குவதே 7.30 மணிக்கு. சாப்பிட்டு, செக் அவுட் செய்து, பார்க்கிங்கில் இருந்து வண்டியை எடுத்து, மரக்காணம் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அங்கே உப்பு இருக்கும், வெயில் இருக்கும், வேலை செய்யும் ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். கோடையில் உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துக் கரையேறிவிடுவார்கள்.

அதனால் ஹோட்டலைத் தேர்வு செய்யும் கேள்வியைத் தலைகீழாகப் போட வேண்டும். 'எந்த ரூம் அழகா இருக்கு?' என்பது இரண்டாவது கேள்வி. 'காலை ஐந்து மணிக்கு எங்கிருந்து சுலபமாகக் கிளம்ப முடியும்?' என்பதுதான் முதல் கேள்வி.

எந்த மாதம் போவது?

ரூம் போடும் முன் காலண்டரைப் பாருங்கள். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து பேசப்படும் உப்பு ஊர் இது. ஆனால் இந்த உப்பு ஆண்டு முழுவதும் விளைவதில்லை. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்திகள் குளமாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போனால் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களையும், தண்ணீரையும்தான் பார்க்க முடியும்.

அந்த மாதங்களில் தொழிலாளர்களுக்கும் வேலை இல்லை. இதற்காகவே மாநில அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு ரூ.5,000 தருகிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் அடித்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்களும் மூழ்கின. நவம்பர், டிசம்பரில் புக் செய்பவர்கள் 'ஃப்ரீ கேன்சலேஷன்' இருக்கிறதா என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க 'நான்-ரீஃபண்டபிள்' பட்டனைத் தட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று கிடைக்கும். மரக்காணத்தை ஒட்டியே கழுவெளி இருக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் இங்கே வரும். பறவையும் வேண்டும், உப்பும் வேண்டும் என்றால் ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரைதான் சரியான நேரம். பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும்.

இதிலும் ஒரு சிக்கல். பிப்ரவரி 21 அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னையின் பிறந்தநாள் தரிசனம். ஆசிரம விடுதிகள் எல்லாம் எப்போதோ நிரம்பியிருக்கும். அதே மாதத்தையொட்டி மாசி மகம் வரும். வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்குக் கூடும். அன்று நகரின் வடக்குப் பக்கம் வண்டி நகராது. உங்களுக்கு மரக்காணம் போக வேண்டிய வழியும் அதே வடக்குப் பக்கம்தான்!

வெள்ளை நகரமா, தமிழர் பகுதியா, கோட்டக்குப்பமா?

புதுச்சேரி நகரின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த 'ஒயிட் டவுன்'. மேற்கே தமிழர் பகுதி. தெற்கில் காஜி தெரு, முல்லா தெரு என்று முஸ்லிம் மக்கள் வாழும் பகுதி. ஹோட்டல் தேடும் எல்லோரும் முதலில் டைப் செய்வது ஒயிட் டவுனைத்தான். மஞ்சள் சுவர், போகன்வில்லா, உயரமான ஜன்னல். சரி, அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. மாலை 6 மணிக்குப் பிறகு பீச் ரோட்டில் வண்டிகளுக்குத் தடை. அறையில் இருந்து இறங்கி நேராகக் கடற்கரைக்கு நடக்கலாம். ஒரே ஒரு நாள், நடந்தே ஊர் சுற்ற வேண்டும் என்றால் ஒயிட் டவுன்தான்.

ஆனால் காரில் வருபவர்கள் யோசிக்க வேண்டும். பழைய பிரெஞ்சு வீடுகளை மாற்றிய ஹோட்டல்களில் அறைகள் குறைவு, பார்க்கிங் அதைவிடக் குறைவு. லிஃப்ட் இல்லாத கட்டடங்களும் உண்டு. வயதான அம்மா, அப்பாவை அழைத்து வந்தால் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். வார இறுதியில் தெருவோரம் நிறுத்திய காரை, முன்னும் பின்னும் அடைத்து நிற்கும் வண்டிகளுக்கு நடுவில் இருந்து விடியற்காலையில் எடுப்பது தனிக் கலை.

இதே பகுதியில் பட்ஜெட்டில் கடல் தெரியும் அறை வேண்டும் என்றால் ஆசிரம விருந்தினர் விடுதிகளை விசாரிக்கலாம். மது, புகைக்கு இடமில்லை. இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கேட் மூடிவிடும். விடியும் முன் கிளம்ப வேண்டும் என்றால் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியை ஏனோ பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம் என்று இருக்கும் வீடுகள். வைசியாள் தெருவை மீட்டெடுத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இடம் கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் 'மேசன் பெருமாள்' மாதிரி பழைய தமிழ் வீட்டையே ஹோட்டலாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். இங்கிருந்து கடற்கரைக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. முத்தியால்பேட்டை வழியாக ஈசிஆரைப் பிடிப்பதும் சுலபம். உப்பளத்துக்காகவே வருபவர்களுக்கு, பணத்துக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டால், வாய்க்காலுக்கு மேற்கே வடக்கு ஓரமாக ரூம் போடுவதுதான் லாபம்.

அடுத்து, ஆப்பில் 'பாண்டிச்சேரி' என்று காட்டும், ஆனால் பாண்டிச்சேரியிலேயே இல்லாத ஹோட்டல்கள். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. செரினிட்டி பீச் பக்கம் இருக்கும் ரிசார்ட்டுகளும் இந்தக் கணக்கில்தான் வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மரக்காணம் போவதற்கு இது கொஞ்சம் கிட்டக்கூட. ஆனால் இரவு பீச் ரோட்டில் காற்று வாங்கிவிட்டுத் திரும்ப ஆட்டோ பிடிக்க வேண்டும். மீட்டர் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். புக் பண்ணும் முன் மேப்பில் பீச் ரோடு காந்தி சிலை வரை எத்தனை கிலோமீட்டர் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

எல்லை விஷயத்தில் இன்னொன்று. புதுச்சேரியில் வாங்கிய மது பாட்டிலைக் காரில் போட்டுக்கொண்டு மரக்காணம் போனால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு வரலாம். ஈசிஆரில் சோதனை நடக்கும்.

மரக்காணத்திலேயே தங்கினால் என்ன? தங்கலாம். ஊருக்குள் சாதாரண லாட்ஜ், ஈசிஆரில் ஆங்காங்கே ரிசார்ட் உண்டு. காலைப் பயணம் ஐந்து நிமிடமாகிவிடும். மாலைப் பொழுதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பூமீஸ்வரர் கோயில், வடக்கே கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரை கோட்டை என்று சுற்றத் தயாராக இருப்பவர்களுக்கு இதுவும் நல்ல தேர்வுதான். தங்கும் காசு உப்பளத்து ஊரிலேயே தங்கும் என்பது கூடுதல்.

7,400 ரூபாய் ரூமும் 7,600 ரூபாய் ரூமும்

விலையில் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவுக்கு ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. ரூ.7,400 அறைக்கு வரியோடு ரூ.7,770 கட்டுவீர்கள். ரூ.7,600 அறைக்கு ரூ.8,968. அறை வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட 1,200 ரூபாய்!

வார நாளில் 6,500 இருக்கும் அறை சனிக்கிழமை 7,800 ஆகும்போது இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. லீவு கிடைத்தால் ஞாயிறு இரவு தங்கித் திங்கள் காலை உப்பளம் போவது இரட்டை லாபம்.

சாப்பாட்டு பில்லிலும் இதே கதை. சாதாரண ரெஸ்டாரன்ட்டில் 5% ஜிஎஸ்டி. ரூ.7,500-க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் பெரும்பாலும் 18%. ஆயிரம் ரூபாய் டின்னருக்கு 50 ரூபாயா, 180 ரூபாயா என்பதுதான் வித்தியாசம். சர்வீஸ் சார்ஜ் வேறு. அதைக் கட்டாயமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 'எடுத்துடுங்க' என்று கேட்கலாம். எடுக்க மறுத்தால் 1915-க்கு போன் அடிக்கலாம்.

திருமணமாகாத ஜோடிகளுக்கு ரூம் தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ற சந்தேகம் பலருக்கு. அப்படி ஒரு சட்டமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவை விடுதி ஒன்றின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் சில ஹோட்டல்கள் தங்கள் விதி என்று சொல்லி வாசலில் நிறுத்துவது நடக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ரிசப்ஷனில் சட்டம் பேசுவதைவிட, புக் பண்ணும்போதே போனில் கேட்டுவிடுவது நிம்மதி. இரண்டு பேரின் ஒரிஜினல் அடையாள அட்டையும் வேண்டும்.

சரி, எங்கே சாப்பிடுவது?

இந்தக் கரையில் சாப்பாட்டு வழிகாட்டி எழுதுவது புதிய வேலை இல்லை. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட உலர் மீன், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டும். அந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஊருக்கு ஊர் அங்கே விளைவதைச் சாப்பிடு என்ற அந்தக் கணக்கு இன்றைக்கும் வேலை செய்கிறது.

காலையில் ஹோட்டல் பிரேக்ஃபாஸ்ட்டை எதிர்பார்க்காமல், 'ரூம் ஒன்லி' விலையில் புக் செய்யுங்கள். அல்லது முதல் நாள் இரவே பார்சல் கட்டித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் தருவார்கள். உப்பளம் பார்த்துவிட்டு எட்டு, எட்டரைக்கு மரக்காணத்துச் சிறிய ஹோட்டல் ஒன்றில் இட்லி, பூரி சாப்பிட்டால் சூடாகவும் இருக்கும், செலவும் குறைவு. மதியம் மீன் சாப்பாடு என்றால் ஒயிட் டவுனுக்கு ஓட வேண்டாம். ஈசிஆர் மெஸ்களில் 'இன்னிக்கு என்ன மீன்?' என்று கேளுங்கள். மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்தால் எங்கிருந்தோ வந்த ஐஸ் மீன் வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் பெரிய வஞ்சிரம் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நாட்டுப்படகில் வரும் சின்ன மீன்களைக் கேட்பது புத்திசாலித்தனம்.

மாலைக்கு நகரம். நேரு வீதியில் தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ், பீச் ரோட்டில் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் லே கஃபே. இரண்டிலும் சுவையைவிட இடத்துக்காகத்தான் உட்கார வேண்டும். ஒயிட் டவுனின் பிரெஞ்சு ரெஸ்டாரன்ட்களில் சனிக்கிழமை இரவு டேபிள் கிடைக்காமல் வாசலில் நிற்பதைவிட, முன்பே போனில் சொல்லிவைக்கலாம்.

உப்பளத்தில் ஒரு விஷயம்

அது சுற்றுலாத் தலம் இல்லை, ஆட்கள் வேலை செய்யும் இடம். வரப்பில் நடக்கலாமா என்று கேட்டுவிட்டு நடங்கள். பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்கினால் அந்த உப்பு வீண். உப்பு நீரில் மணிக்கணக்கில் நிற்கும் பெண்களின் பாதங்களை குளோசப் எடுத்து ரீல்ஸ் போடும் முன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

அங்கேயே கல்லுப்பு வாங்கி வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்காக விற்க உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் தடை இருக்கிறது. அதனால் பாத்தியில் இருந்து நேராக வரும் உப்பைக் கருவாடு போடவும் ஐஸ் பெட்டிக்கும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பாருக்கு வேண்டும் என்றால், அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கல்லுப்பிலும் அது கிடைக்கிறது.