சுட்டியின்றி இயங்கும் கணினி: பழைய இயந்திரங்களுக்கு ஒரு மாற்றுவழி

கணினியைப் பயன்படுத்துவது என்றாலே சுட்டியை நகர்த்திச் சொடுக்குவதுதான் என்ற எண்ணம் எம்மத்தியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. எனினும், விசைப்பலகையை மாத்திரம் கொண்டு அன்றாடப் பணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்துமுடிக்கும் ஒரு மரபு, லினக்ஸ் இயங்குதளப் பாவனையாளர்கள் மத்தியில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலவி வருகின்றது. நிபுணர்களின் பொழுதுபோக்கு என ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இம்மரபு, சாதாரண பாவனையாளர்களும் கவனிக்க வேண்டியதொன்றாக இப்போது மாறியுள்ளது.

இதற்கான காரணத்தை முதலில் நோக்குவோம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்று அறிவிக்கப்பட்ட போதிலும் அது ஒரு தற்காலிக ஏற்பாடு மாத்திரமே. விண்டோஸ் 11இற்கு மாறுவதற்கோ 4 கிகாபைற் நினைவகம், 64 கிகாபைற் சேமிப்பிடம் என்பவற்றுடன் குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும், அங்கீகரிக்கப்பட்ட செயலியும் தேவைப்படுகின்றன. இதனால், எவ்விதப் பழுதுமின்றி இயங்கிக் கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் காலாவதியானவையாகக் கருதப்படும் நிலை உருவாகியுள்ளது. பாதுகாப்பற்ற கணினியைத் தொடர்ந்து பயன்படுத்துவதா, புதியதொன்றை வாங்குவதா, அல்லது வேறொரு இயங்குதளத்துக்கு மாறுவதா என்பதே இவற்றின் உரிமையாளர்கள் முன்னுள்ள கேள்வியாகும்.

மூன்றாவது வழியைத் தெரிவு செய்வோருக்கு லினக்ஸ் பொருத்தமானதாகும். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை உருவாக்கினார். லினக்ஸில் திரையில் நாம் காணும் தோற்றமும் அதன் அடியில் இயங்கும் முறைமையும் ஒன்றல்ல. சாளரங்களை எங்கே வைப்பது, எவ்வாறு மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் சாளர முகாமையாளர் ஒரு தனி மென்பொருளாகும். வீட்டின் அத்திவாரத்தைத் தொடாமலே கதவு யன்னல்களை மாற்றுவது போல, இதனையும் பாவனையாளர் தாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளலாம். பாரமான தோற்றத்தை நீக்கி இலகுவானதொன்றை அமைத்துக்கொள்ள முடிவது இதனாலேயே ஆகும்.

இங்கே சுட்டியின் வரலாற்றையும் சற்று நினைவுகூர்தல் பொருத்தமானது. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் சுட்டியைப் பகிரங்கமாகச் செயல்படுத்திக் காட்டியபோது, அவரது வலது கையில் சுட்டியும் இடது கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு கருவியும் இருந்தன. நடுவில் வழமையான விசைப்பலகை இருந்தது. ஆக, சுட்டியைக் கண்டுபிடித்தவரே அதனை விசைகளுக்கு மாற்றாகக் கருதவில்லை. துணையாக வந்த கருவி தலைமைக் கருவியாக மாறியது பிற்கால வர்த்தகக் கணினிகளின் வருகையுடனாகும்.

இப்போக்குக்கு மாறாக, 2000ஆம் ஆண்டில் சோன் பெட்ஸ் என்பவர் சுட்டி தேவைப்படாத சாளர முகாமையாளர் ஒன்றை வெளியிட்டு, அதற்கு ‘எலிப்பாஷாணம்’ எனப் பொருள்படும் ரற்பொய்சன் என்ற பெயரைச் சூட்டினார். கணினிச் சுட்டியை ஆங்கிலத்தில் எலி என்றே அழைப்பதால் பெயரின் நோக்கம் வெளிப்படையானது. 2006இல் வெளிவந்த டீ.டபிள்யூ.எம். என்ற மென்பொருள், தனது மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்பதைக் கொள்கையாகவே வகுத்துக்கொண்டது. 2009இல் மைக்கல் ஸ்டாபெல்பெர்க் உருவாக்கிய ஐ3 என்பது இவ்வகையில் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஒன்றாகும். புதிய வேலண்ட் திரைமுறைமையில் ஏறத்தாழ இதே பழக்கத்தை ஸ்வே என்ற மென்பொருள் தொடர்கின்றது.

இவற்றின் செயன்முறை எளிமையானது. வழமையான திரையில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மறைத்து நிற்கின்றன. அவற்றை இழுத்து ஒதுக்குவதற்கே சுட்டி தேவைப்படுகின்றது. ஐ3 போன்றவற்றில் முதற் சாளரம் திரை முழுவதையும் நிரப்பும். இரண்டாவதைத் திறந்தால் திரை இரண்டாகப் பிரியும். தளத்தில் ஓடுகள் பதிக்கப்படுவதைப் போல எதுவும் எதனையும் மறைப்பதில்லை. இழுப்பதற்கு எதுவும் இல்லாதபோது சுட்டிக்கும் வேலை இல்லாமல் போய்விடுகின்றது.

கற்றுக்கொள்ள வேண்டிய விசைகளும் மிகச் சிலவே. ஐ3ஐ முதன்முறை இயக்கும்போது விண்டோஸ் விசை, ஓல்ட் விசை ஆகிய இரண்டில் எதனைக் கட்டளை விசையாகக் கொள்வது என அது வினவும். அதன் பின்னர், அவ்விசையுடன் என்ரர் விசையை அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். ‘டீ’ விசையை அழுத்திச் செயலியின் பெயரைத் தட்டச்சு செய்தால் அச்செயலி திறக்கும். அம்புக்குறிகள் ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு அழைத்துச் செல்லும். ‘எப்’ விசை சாளரத்தை முழுத்திரையாக்கும். இலக்கங்கள் வெவ்வேறு பணித்தளங்களுக்கு மாற்றும். ஷிப்ட், ‘கியூ’ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சாளரம் மூடப்படும். இணைய உலாவியிலும் இவ்வாறான ஏற்பாடு உண்டு. விமியம் போன்ற நீட்சியை நிறுவிய பின் ‘எப்’ விசையை அழுத்தினால், பக்கத்திலுள்ள ஒவ்வோர் இணைப்பின் மீதும் ஓரிரு எழுத்துகள் தோன்றும். அவற்றைத் தட்டினால் அவ்விணைப்பு திறக்கும்.

எனினும் இம்முறையின் வரையறைகளை மறைத்துவிட்டு அதன் நன்மைகளை மாத்திரம் பேசுவது நேர்மையாகாது. சாளர முகாமையாளர் எவ்வளவு இலகுவானதாக இருந்தாலும் இன்றைய இணையப் பக்கங்கள் இலகுவாகிவிடப் போவதில்லை. நினைவகத்தைப் பெருமளவில் விழுங்குவது உலாவியே. 2025 ஓகஸ்ட் மாதம் வெளியான டெபியன் 13 பதிப்பு, பழைய 32 பிற் கணினிகளுக்கான நிறுவல் வசதியைக் கைவிட்டுள்ளது. எனவே எல்லாப் பழைய இயந்திரங்களுக்கும் மறுவாழ்வு கிட்டும் எனக் கூற முடியாது. படம் வரைதல், நிழற்படத் திருத்தம் போன்ற பணிகளுக்குச் சுட்டி தொடர்ந்தும் அவசியமானதே.

தமிழில் பணியாற்றுவோர் மேலும் இரு சிக்கல்களை அறிந்திருக்க வேண்டும். கட்டளைச் சாளரங்கள் எழுத்துகளைச் சம அளவான கட்டங்களில் அடுக்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை. இதனால் ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் அவற்றில் பல வேளைகளில் சிதைந்தே தோன்றுகின்றன. விசைகளையே கட்டளைகளாகக் கொள்ளும் செயலிகளில், தமிழ் விசையமைப்பு இயக்கத்தில் இருக்கும்போது அக்கட்டளைகள் பலிக்காமல் போவதுமுண்டு. ரெங்கநாதன் முறை உட்படப் பல தமிழ் விசையமைப்புகள் லினக்ஸில் கிடைக்கின்ற போதிலும், மொழியை மாற்றும் விசையை முதலிலேயே சரிவர அமைத்துக்கொள்வது அவசியமாகும். எழுத்துப் பணிகளுக்கு லிப்ரே ஒபிஸ் போன்ற வழமையான செயலிகளையே பயன்படுத்துவது உசிதமானது.

மற்றுமொரு தவறான எண்ணமும் களையப்பட வேண்டும். விசைப்பலகையால் இயங்குகின்ற ஒரே காரணத்தினால் இம்மென்பொருட்கள் மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் உகந்தவையாகிவிடாது. சுட்டியைப் பற்ற முடியாதவர்களுக்கு இவை பெரிதும் உதவக்கூடும். ஆனால் பார்வையற்றோருக்கான ஓர்கா திரைவாசிப்பான், க்னோம் திரைச்சூழலின் பகுதியாகவே வளர்க்கப்பட்டது. அவர்களுக்கு அச்சூழலே பொருத்தமாக அமையலாம். அதேவேளை, இணையப் பக்கங்களின் சகல செயற்பாடுகளும் விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பதை 2008இல் வெளியான சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியே அடிப்படை நியதிகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. இதனை மதிக்காத பக்கங்களால் பாதிக்கப்படுவோர் இவர்களே.

இம்முறையைப் பரீட்சிக்க விரும்புவோர் உடனடியாக விண்டோஸை அழித்துவிட வேண்டியதில்லை. லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். நிறுவுவதாயின் ஆவணங்களைப் பிரதி எடுத்து வைத்த பின்னரே நிறுவ வேண்டும். சுட்டியையும் கழற்றி எறியத் தேவையில்லை. ஆரம்ப நாட்களில் அது அருகில் இருக்கட்டும். விரல்கள் பழகப் பழகக் கை அதனை நாடிச் செல்வது தானாகவே குறைந்துவிடும்.

பத்து ஆண்டுகள் உழைத்த ஒரு கணினி மேலும் சில ஆண்டுகள் பயன்படுமாயின், அதனால் ஒரு குடும்பத்தின் பணம் மிச்சமாகும். மின்னணுக் கழிவின் அளவும் அந்த அளவுக்குக் குறையும். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் மூலையில் ஒதுக்கப்பட்டுள்ள கணினிகளைக் கழித்துவிடுவதற்கு முன்னர், அவற்றில் ஒன்றிலேனும் இதனைப் பரீட்சித்துப் பார்க்குமாறு பொறுப்பானவர்கள் அறிவுறுத்துவார்களாயின் அதுவே பயனுள்ள தொடக்கமாக அமையும்.