சோதனைக்கு வைத்த பிரதி

பலர் பயன்படுத்தும் மென்பொருளில் மாற்றஞ் செய்ய விரும்புவோர் அதனை நேரே செய்துவிடுவதில்லை. மூலத்தை ஒத்த பிரதியொன்றை வேறொரு கணனியில் அமைத்து, முதலில் ஆங்கே செய்து பார்ப்பர். நாடகத்துக்கு ஒத்திகை போன்றது எனலாம். அங்கே எது பழுதுபட்டாலும் வெளியார்க்கு நட்டமில்லை.

அப்பிரதி எவ்வளவுக்குப் புதியதாயிருத்தல் வேண்டும்? சான்றொன்று காண்போம்.

மென்பொருள் ஆக்குவோர் தம் நிரல்களைச் சேமிக்கும் கிற்லாப் தளத்தில், 2017 ஜனவரி 31ஆந் திகதி, தரவுத்தளத்தின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடொன்றைச் சோதிக்க விரும்பினார் ஒரு பொறியியலாளர். நாளுக்கொருமுறை தானாக எடுக்கப்படும் பிரதி அவருக்குப் போதவில்லை. அந்நேரத்து நிலையையே படியெடுத்துச் சோதனைக் களத்திலிட்டார்.

அன்றிரவு வேறொரு கோளாற்றைத் திருத்துகையில், துணைக் கணனியில் அழிக்க வேண்டியதை மூலக் கணனியில் அழித்துவிட்டார் அவரே! இரண்டொரு விநாடியில் நிறுத்தியும் ஏறத்தாழ 300 கிகாபைற்றுத் தரவு மறைந்தது. காப்புப் பிரதிகளைத் தேடினால், பேழை வெறுமை! படியெடுக்கும் மென்பொருளின் பதிப்புத் தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் அது வேலையே செய்திருக்கவில்லை. எவருங் கவனித்திலர், இதுவே நமக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்கென எடுத்த பிரதியே. மறுநாள் தளம் மீண்டது. நிரல்களுக்குச் சேதமில்லை, எனினும் அந்த ஆறு மணி நேரத்திற் பதிவான சுமார் 5,000 குறிப்புரைகளும் 700 புதிய கணக்குகளும் போயின. எக்கணனி மூலம், எது பிரதி என்பது திரையிலேயே தெளிவாகத் தெரியச் செய்தல், பின்னர் அந்நிறுவனம் வகுத்த திருத்தங்களுள் ஒன்று.