சூடு தெரியாத பாதங்கள்: இலங்கைப் பௌத்தத் தலங்களில் ஒரு கோடைப் பயணம்

கத்திரி வெயில் எரிக்கும் நாள்களில்தான் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கிடைக்கிறது. ஆகவே குடும்பப் பயணங்களில் பெரும்பாலானவை ஆண்டின் மிகக் கடுமையான வெப்பத்தில்தான் நிகழ்கின்றன. “அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அழைத்துப் போகலாமா?” என்ற கேள்வி ஏப்ரல் பிறந்ததும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி எழும். அழைத்துச் செல்லலாம் என்பதே எங்கள் விடை. ஆனால் வெப்பம் யாரைத் தாக்கும் என்பதை அறிந்து செல்ல வேண்டும். வெயில் தாங்கவில்லை என்று முணுமுணுப்பவர் நிழல் தேடிப் போய்விடுவார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவரிடத்தில்தான் நம் கண் இருக்க வேண்டும். சென்ற மே மாதம் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இருவருடனும் பிள்ளைகள் இருவருடனும் இலங்கையின் பௌத்தத் தலங்களைக் கண்டு திரும்பினோம். அந்த அனுபவத்தை முன்னிட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாகப்பட்டினத்திலிருந்து

கிள்ளையில் இருப்பவர்களுக்கு இலங்கை இன்று தொலைவான நாடு அன்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடல் அமைதியாக இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேரலாம். இந்தத் துறைமுகத்துக்கும் பௌத்தத்துக்கும் பழைய உறவு உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினார். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். சைவ மன்னனின் நாட்டில் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கிடைத்த அந்தத் துறையிலிருந்தே எங்கள் பயணமும் தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே அனுராதபுரம், பொலனறுவை, சிகிரியா, கண்டி என்பது எங்கள் வழி. முதல் மூன்றும் இலங்கையின் உலர் வலயத்தில் உள்ளவை. மே மாதத்தில் அங்கே வீசும் காற்று காய்ந்தது. கிள்ளையில் உப்புக் காற்றின் ஈரத்தில் சட்டை உடலோடு ஒட்டிக்கொள்ளும், வியர்ப்பது தெரியும். உலர்ந்த காற்றிலோ வியர்வை தோன்றியவுடனே ஆவியாகிவிடும். வியர்க்கவில்லை, களைப்பும் இல்லை என்று நினைத்திருக்கும்போதே உடலிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கும். முதற்பாடத்தை இது எங்களுக்குக் கற்பித்தது.

அனுராதபுரத்தின் உருவன்வெலிசாய தாதுகோபத்தின் கல்முற்றத்தில் காலணியும் தொப்பியும் இன்றியே நடக்க வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் ஆடையே ஏற்கத்தக்கது. அந்நாட்டு அடியவர்கள் அணியும் வெண்பருத்தி ஆடை வழிபாட்டு மரபுக்கும் வெயிலுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. நாங்களும் அவ்வாறே உடுத்தி, காலை ஏழு மணிக்குள் முற்றத்தை வலம் வந்து முடித்தோம்.

வட்டதாகேயில் கண்டது

பொலனறுவையில் தமிழர் எவரும் அயலாராக உணர மாட்டார். சோழர் 993ஆம் ஆண்டளவில் அனுராதபுரத்தைக் கைப்பற்றிய பின் தம் தலைநகராகக் கொண்ட சனநாதமங்கலம் இதுவே. சோழ அரசியின் பெயரால் அமைந்த வானவன்மாதேவீச்சரம் இன்றும் கருங்கல் தளியாய் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய அரண்மனையின் தடித்த செங்கற் சுவர்கள் அருகிலேயே உள்ளன. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலுக்குக் காவல் நிற்க வேளைக்காரப் படையினர் உறுதி பூண்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இவ்வூரில் உண்டு.

இவற்றுள் அழகிற் சிறந்தது வட்டதாகே. வட்டமான மேடை, நான்கு திசைக்கும் நான்கு வாயில், வாயில்தோறும் நாகம் தாங்கிய காவற்கல், படியின் அடியில் யானையும் குதிரையும் அன்னமும் கொடியும் வரிவரியாய்ச் செதுக்கிய சந்திரவட்டக்கல். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் காணும் எருது இங்கே இல்லை. நந்தியைக் காலால் மிதிக்கலாகாது என்ற சைவத் தாக்கமே காரணம் என்று விளக்குவோர் உண்டு. எங்கள் பிள்ளைகள் எருதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள்.

நாங்கள் இறங்கும்போது முற்பகல் பதினொரு மணியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த வேறொரு குடும்பம் அப்போது மேலே ஏறியது. இளையவர்கள் கல்லில் கால் வைத்ததும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். எழுபதைத் தொடும் வயதுடைய அவர்களின் தந்தையார் மட்டும் வெறுங்காலுடன் நட்ட நடு மேடையில் அமைதியாய் நின்று புத்தர் சிலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். “அப்பாவுக்குச் சூடே தெரியாது, சார்” என்றார் மகன், பெருமிதத்தோடு. “ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?” என்று கேட்டோம். “இருபது வருஷமாக இருக்கு, தம்பி. கல் சுடவே இல்லையே, எதுக்குக் கேக்குறீங்க?” என்றார்.

நிழலில் அமரச் செய்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். இரு குதிகாலிலும் வலப் பெருவிரலின் அடியிலும் தோல் வெளுத்து, கொப்புளம் எழத் தொடங்கியிருந்தது. வலி என்பதே அவருக்கு இல்லை. குடிநீர்ப் புட்டிகளைக் கொண்டு இருபது நிமிடம் பாதங்களில் நீர் ஊற்றி, தூய துணியால் தளர்வாக மூடி, ஊர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். வழியில் எவரேனும் பற்பசையோ மஞ்சளோ பூசச் சொன்னால் மறுத்துவிடுமாறும், கொப்புளத்தை உடைக்க வேண்டா என்றும் மகனிடம் சொன்னோம். சற்று முன் பெருமையோடு பேசியவர் ஒன்றும் பேசாமல் தந்தையின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

சூடு ஏன் தெரிவதில்லை?

நீரிழிவு பல்லாண்டு நீடிக்கும்போது நரம்புகள் பழுதடைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. அவையே முதலில் தளர்கின்றன. சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் முன்னறிவிப்பாக வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இன்றி உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். நடை இயல்பாக இருப்பதால் அவரும் அறியார், வீட்டாரும் அறியார்.

காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசு அளவில் இருந்தாலும், நண்பகல் வெயிலில் கிடக்கும் கல் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். 44 டிகிரிக்கு மேற்பட்ட பரப்பில் நெடுநேரம் பட்டாலே தோல் சேதமடையும். 60 டிகிரியை நெருங்கினால் சில நொடிகள் போதும். உணர்ச்சி உள்ள கால் அந்த நொடியிலேயே தன்னை இழுத்துக்கொள்கிறது. உணர்ச்சி இழந்த கால் அங்கேயே நிற்கிறது. பிறகு வரும் புண்ணும் எளிதில் ஆறுவதில்லை. நீரிழிவில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். கிருமித் தொற்று எலும்புவரை செல்லக்கூடும். விரலை எடுக்க நேர்ந்த நோயாளிகள் சிலரின் கதை இப்படிப்பட்ட ஒரு கொப்புளத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

இதற்கு இலங்கைவரை செல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்தின்போது வெளிப் பிராகாரத்தில் நடக்கும் கால்களுக்கும் இதே ஆபத்து உண்டு. காலணி களைவது வழிபாட்டின் மரியாதை. அதை விடச் சொல்வது எங்கள் நோக்கம் அன்று. காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணிய இசைவு உண்டா என்று வாயிலில் கேளுங்கள்; இலங்கைத் தலங்கள் பலவற்றில் அதற்குத் தடை இல்லை. தரையின் சூட்டை நீரிழிவு உள்ளவரின் காலால் அறிய முயலாதீர்கள். உடன் வருபவர் தம் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். புறங்கை பொறுக்காத தரையில் பெரியவரின் பாதம் பட வேண்டா. இரவு தங்குமிடம் சேர்ந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். எங்கள் தாயாருக்கு அந்தப் பணியைப் பேரப்பிள்ளைகள் ஒவ்வோர் இரவும் ஏற்றுக்கொண்டார்கள்.

தாகமும் மாத்திரையும்

வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைகிறது. “தாகம் இல்லை” என்ற பெரியவரின் சொல்லும் “சூடு இல்லை” என்ற பாதத்தின் சொல்லும் ஒரே வகையானவை. தாகத்துக்குக் காத்திராமல் மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். நீண்ட நேரம் வியர்த்தபின் உப்புச்சர்க்கரைக் கரைசல் நல்லது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். இலங்கையில் ‘தம்பிலி’ எனப்படும் செவ்விளநீர் வழியெங்கும் கிடைக்கும். சுவையானது, ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள், வெயிலில் எவ்வளவு பருகலாம் என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில மாத்திரைகள் வெயிலில் வேறு விதமாய் நடந்துகொள்ளும். சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகளும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவையும் உடல்நீரைக் குறைக்கும். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தாமாக எதையும் நிறுத்தலாகாது. அளவை மாற்ற வேண்டுமா என்பதை முன்னரே கேட்பதே முறை.

இன்சுலின் போடுவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் சென்ற இன்சுலின் வீரியம் இழக்கும். பயன்பாட்டில் உள்ளதை வெப்பம் தடுக்கும் பையில், பனிக்கட்டி நேரே படாதவாறு, கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடுத்து, வெப்பத்தில் இன்சுலின் விரைவாக உடலில் ஏறும். நடையும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை வெப்பக் களைப்பிலும் வரும், சர்க்கரை இறக்கத்திலும் வரும். ஐயமிருந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். கருவி இல்லையெனில் குடிக்கும் நிலையில் உள்ளவருக்கு இனிப்புப் பானம் கொடுங்கள்.

படிகளும் அரண்மனைகளும்

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் பாறையுச்சியில் அரண்மனை அமைத்த சிகிரியாவுக்கு ஏறத்தாழ 1,200 படிகள். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்திய எங்கள் தந்தையார் அடிவாரத்து நீர்த்தோட்டங்களோடு நின்றுகொண்டார். தாயார் அருங்காட்சியகத்தில் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் சிங்கப் பாதங்களைக் கடந்து உச்சிவரை ஏறி, இறங்கி வந்து கதை சொன்னார்கள். மார்பில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி, மிகையான மூச்சுவாங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அந்தப் படியோடு நிறுத்திவிட வேண்டும். நீண்ட நாள் நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பிலும் வலி தெரியாமல் போகலாம். காரணமற்ற வியர்வையும் சோர்வுமே அவருக்கு எச்சரிக்கை.

கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளதால் வெயில் சற்றுத் தணிந்திருந்தது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் மரபினரான அவரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரால் நீக்கப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தார். மாளிகையின் நிழலில் எங்கள் பெரியவர்கள் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். அவசரம் இல்லாத ஒரு நாளை அவர்களுக்குத் தருவதும் வெயிலுக்கு ஒரு மருந்துதான்.

வெப்பம் தாக்கினால்

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், மிகுந்த களைப்பு ஆகியவை முதல் நிலை. நிழல், நீர், ஓய்வு, நனைத்த துணி ஆகியவற்றால் அரை மணி நேரத்தில் தெளிவு வர வேண்டும். பேச்சுக் குழறல், குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு தோன்றி உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, வியர்வையோடும் வரும். அவசர ஊர்தியை அழையுங்கள். இலங்கையில் கட்டணமின்றி வரும் ஊர்திக்கு 1990, நம் நாட்டில் 108. ஊர்தி வரும்வரை காத்திராமல் உடலை நனைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டிப் பொதி வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைத் தணிக்காது.

புறப்படுமுன்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பாத உணர்ச்சியை அறிய மெல்லிய நைலான் இழையும் இசைக்கவையும் போதும். சில நிமிடங்களில் முடியும், வலி இராது. உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்தால் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஏற்பாட்டை மாற்றினால் போதும். மருந்துச் சீட்டின் நகல், பயண நாள்களைவிடச் சற்று மிகுதியான மாத்திரை, குளுக்கோமீட்டர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், பருத்திக் காலுறை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். முற்பகல் பத்து மணிக்கு மேல் மாலை நான்குவரை திறந்தவெளித் தலங்களுக்குச் செல்ல வேண்டா.

உங்கள் வீட்டுப் பெரியவர், “எனக்குச் சூடே தெரிவதில்லை” என்று சொல்லக் கேட்டிருந்தால், பயணம் உண்டோ இல்லையோ, அடுத்த முறை வரும்போது அவருடைய பாதங்களை எங்களிடம் காட்டுங்கள்.