மாற்றுறுப்பும் மூச்சுத்தடையும்

எத்தாளைக் கடற்கரையில் காற்றுக்குக் குறைவில்லை. எனினும், இழுத்த காற்றை வெளிவிட இயலாது வருந்தும் நோயொன்று உண்டு. பிறர் கொடுத்த சுவாசப்பையை அல்லது என்பு மச்சையை ஏற்று உயிர்பிழைத்தோருள் சிலரை, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் அது பற்றுகின்றது.

இஃது எமக்குத் தொலைவான செய்தி அன்று. எமது வடமேல் மாகாணத்தில் தலசீமியா நோயாளர் பலர் உளர். குருநாகலில் அவர்க்கெனத் தனிச் சிகிச்சை நிலையமே உண்டு. அந்நோயை வேரொடு களையவல்லது மச்சை மாற்றம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986ஆம் ஆண்டு தொடங்கியது.

சுவாசப்பையினுள் காற்றுக்குழாய்கள் கிளைத்துக் கிளைத்து, ஈற்றில் 2 மில்லிமீற்றரிலும் ஒடுங்குகின்றன. மச்சை மாற்றத்தில், வந்த கலங்கள் ஏற்றவரின் உடலைப் பகையெனத் தாக்கும். சுவாசப்பை மாற்றத்திலோ ஏற்றவரின் கலங்கள் வந்த உறுப்பைத் தாக்கும். போர் எத்திசையினின்று வரினும் அழிவன அச்சிறு குழாய்களே. புண் ஆறித் தழும்பேற, உப்பளத்து வாய்க்கால் சேறேறித் தூர்வது போல அவை அடைபடும். தொடக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றும் புலப்படாதிருத்தல் கூடும். ஆதலின், நிரம்ப மூச்சிழுத்து வலிந்து ஊதச் செய்து, முதல் ஒரு செக்கனில் வெளிவரும் காற்றை மருத்துவர் அளக்கின்றனர். சுவாசப்பை ஏற்றவரிடத்து அவ்வளவு, முன்னைய சிறந்த அளவினும் 20 சதவீதம் குறைந்து நிலைக்குமாயின் இந்நோய் என ஐயுறுவர்.

தூர்ந்த குழாயைத் திறத்தல் அரிது. ஆகவே, வருமுன் காத்தல் இயலுமா என ஆராய்ந்தனர். அசித்திரோமைசின் என்பது 1980இல் சாக்ரெப் நகரில் கண்டறியப்பட்ட நுண்ணுயிர்கொல்லி. அழற்சியையும் அது தணிக்கும். பெல்ஜியத்து லூவன் நகரில் சுவாசப்பை ஏற்ற 83 பேரிடம் அதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். ஈராண்டில், மருந்துண்டவருள் 12.5 சதவீதத்தினர்க்கும், போலி மாத்திரை உண்டவருள் 44.2 சதவீதத்தினர்க்கும் நோய் கண்டது.

இது கண்டபின், மச்சை ஏற்றவர்க்கும் அதனையே கொடுத்தாலென்ன என்று எவரும் எண்ணுவர். பிரான்சில் குருதிப் புற்றுநோய்க்காக மச்சை ஏற்ற 480 பேரை அவ்வாறே இரு கூறாக்கிச் சோதித்தனர். சோதனை இடையிலே நிறுத்தப்பட்டது. மருந்துண்டவரிடம் புற்றுநோய் மிகுதியாக மீண்டமையே காரணம். ஈராண்டு உயிர்வாழ்ந்தோர் மருந்துண்டவருள் ஏறத்தாழ 57 சதவீதம். போலி மாத்திரை உண்டவருள் 70 சதவீதம். முடிவு 2017இல் வெளியாயிற்று. மறு ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் எச்சரிக்கை விடுத்தது. எஞ்சிய புற்றுக்கலங்களைத் தேடியழிப்பன கொடையாளரின் கலங்கள். அக்காவலை மருந்து தளர்த்தியதோ என்பது ஓர் ஐயம் மட்டுமே. போலி மாத்திரை பெற்றவர் வஞ்சிக்கப்பட்டனர் என இரங்குவார் உளர். அவர் இல்லையேல், நல்லெண்ணத்தோடு எத்தனை பேர்க்கு இம்மருந்தைக் கொடுத்திருப்போம்!

நோய் வந்தபின் கொடுக்கும் மருந்துகள் வேறு. மச்சை ஏற்றவரிடம் நிகழும் நாட்பட்ட தாக்குதலுக்கு, முந்திய மருந்துகள் பயன்படாவிடத்து வழங்கவென, உரக்சோலிற்றினிப், பெலுமோசுதில் என்னும் இரண்டிற்கு 2021இல் அமெரிக்கா இசைவளித்தது.

தலசீமியாப் பிள்ளைக்குப் புற்றுநோய் இல்லையாதலின் பிரெஞ்சு முடிவு அப்பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வேறொரு இடர் உண்டு: ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு, சொன்னபடி மூச்சடக்கி வலிந்து ஊதுதல் எளிதில் கைவராது. ஆகவே, கருவித் திரையில் மெழுகுவர்த்திப் படத்தைக் காட்டி, அதனை ஊதியணைக்கச் சொல்லி அளக்கின்றனர்.