ஒன்பது மாதப் பிரதமர்

கொரியா என்றதும் நம் நினைவுக்கு வருவது 1950-ல் மூண்ட போர். சற்று வரலாறு படித்த நண்பர்கள், 1953-ல் அங்கே போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் ஆணையத்துக்கு நம் நாட்டு ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்ததையும் சொல்வார்கள். ஆனால் மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய கொரியக் கதை வேறொன்று உண்டு. மாணவர்கள் தம் உயிரைக் கொடுத்து ஓர் எதேச்சாதிகாரத்தைச் சாய்த்த கதை அது. அவர்கள் பெற்றுத் தந்த ஜனநாயகம் ஓராண்டு கூட நிலைக்காமற் போன கதையும் அதுவே. அந்தக் கதையின் நடுவே நிற்பவர் சாங் மியோன் என்ற அரசியல்வாதி.

சாங் மியோன் 1899-ல் சியோலில் பிறந்தார். அமெரிக்காவில் மன்ஹாட்டன் கல்லூரியில் படித்து 1925-ல் பட்டம் பெற்றார். கத்தோலிக்கர், அமைதியான இயல்பினர். ஜப்பானியர் ஆட்சி நடந்த காலத்தில் நாடு திரும்பி, பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பல்லாண்டு பணியாற்றினார். 1945-ல் ஜப்பான் வீழ்ந்த பிறகே, ஏறத்தாழ 46-வது வயதில், அவர் அரசியலுக்கு வந்தார். 1948-ல் தென் கொரியக் குடியரசு பிறந்தது. அதற்கு உலகின் அங்கீகாரம் பெறப் பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபைக்குச் சென்ற குழுவின் தலைவர் அவரே. 1949-ல் அமெரிக்காவுக்கு முதல் தூதரானார். 1950 ஜூனில் போர் மூண்டபோது ஜனாதிபதி ட்ரூமனிடம் உதவி கோரும் பொறுப்பும் அவர்மீதே விழுந்தது. அவ்வாண்டு இறுதியில் பிரதமராகி, 1952 வரை அப்பதவியில் இருந்தார்.

அந்நாளில் நாட்டின் ஜனாதிபதி சிங்மன் ரீ. விடுதலைக்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்ட முதியவர்தான். ஆனால் பதவியை விட மனமில்லாதவர். ஜனாதிபதி இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என்ற தடையைத் தமக்கு மட்டும் நீக்கிக்கொள்ள, 1954-ல் அரசியல் சட்டத்தைத் திருத்த முனைந்தார். தேசிய சபையின் உறுப்பினர்கள் 203 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 135.33 வருகிறது, ஆகவே 136 வாக்குகள் வேண்டும். கிடைத்தவையோ 135. திருத்தம் தோற்றது என்று முதலில் அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, பின்னத்தைத் தள்ளிவிட்டால் 135 போதும் என்று சொல்லி, வென்றதாக அறிவித்தார்கள்! கணிதம் பயிலும் நம் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். கொரிய மக்கள் சிரிக்கவில்லை. சிதறிக் கிடந்த எதிர்க்கட்சியினர் பலர் 1955-ல் ஒன்றுகூடி ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். சாங் மியோன் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார்.

1956 தேர்தலில் அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் சின் இக்-ஹீ வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு ரயிலில் திடீரென்று இறந்தார். ரீ மீண்டும் வென்றார். ஆயினும் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற சாங் மியோன், ரீயின் வலக்கையான லீ கி-பூங்கைத் தோற்கடித்தார். ஜனாதிபதி ஒரு கட்சி, துணை ஜனாதிபதி மறு கட்சி! அந்தச் செப்டம்பரில், கட்சி மாநாட்டு மண்டபத்தில் சாங் மியோனை ஒருவன் சுட்டான். குண்டு கையில் பாய்ந்தது, உயிர் தப்பியது.

1960 மார்ச் 15-ல் மறுபடியும் அதே இருவர் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டனர். 1956-ல் சுமார் 40 லட்சம் வாக்குகள் பெற்ற சாங் மியோனுக்கு இம்முறை ஏறத்தாழ 18 லட்சமே விழுந்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். மோசடி வெளிப்படையாக இருந்தது. மாசான் நகரில் மக்கள் கிளர்ந்தனர். ஏப்ரல் 11-ல் அந்நகரத் துறைமுகத்தில் கிம் ஜு-யோல் என்ற பள்ளி மாணவனின் உடல் மிதந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டு அவன் கண்ணில் பாய்ந்திருந்தது. நாடே கொதித்தது. ஏப்ரல் 19-ல் சியோல் மாணவர்கள் ஜனாதிபதி மாளிகையை நோக்கி நடந்தார்கள். போலீசார் சுட்டனர். அந்தப் போராட்டத்தில் மாண்டவர்கள் சுமார் 186 பேர். 25-ம் தேதி பேராசிரியர்களும் ஊர்வலம் வந்தனர். மறுநாள் ரீ பதவி விலகினார்.

ஜனாதிபதியின் கையில் அதிகாரம் குவிந்ததே கேடு என்று கண்டு, பிரதமரும் மந்திரி சபையும் ஆளும் முறைக்கு அரசியல் சட்டத்தை மாற்றினர். ஜூலைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி கீழ்ச்சபையின் 233 இடங்களில் 175 இடங்களை வென்றது. ஆகஸ்டில் சாங் மியோன் பிரதமரானார்.

இவ்வளவு பெரிய வெற்றி ஏன் நிலைக்கவில்லை? கட்சிக்குள்ளேயே பழைய அணி, புதிய அணி என்று இரண்டு அணிகள் இருந்தன. ஜனாதிபதி யூன் போ-சன் பழைய அணி. பிரதமர் புதிய அணி. பழைய அணி விரைவில் பிரிந்து தனிக் கட்சியாயிற்று. ஒன்பது மாதத்தில் மந்திரி சபை மூன்று முறை மாற்றியமைக்கப்பட்டது. ரீயின் ஆட்சியில் சுட்டவர்களுக்கு நீதிமன்றம் லேசான தண்டனை வழங்கவே, அக்டோபரில் காயமுற்ற மாணவர்கள் தேசிய சபைக்குள்ளேயே புகுந்தனர். நாள்தோறும் ஊர்வலங்கள். நாணய மதிப்பு குறைக்கப்பட்டது, விலைகள் ஏறின. சாங் மியோன் யாரையும் தடியால் அடக்க விரும்பவில்லை. ஐந்தாண்டுப் பொருளாதாரத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து நாட்டுக் கட்டுமானப் பணியில் அமர்த்தினார். பலன் காண அவகாசம் வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கரைசலை அசையாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். வளர்ந்ததா, வளர்ந்ததா என்று குவளையை ஆட்டினால் கிடைப்பது வெறும் தூள்தான். கொரியாவில் எல்லாரும் குவளையை ஆட்டினார்கள். நியாயமான காரணத்தோடுதான் ஆட்டினார்கள், ஆனால் ஆட்டினார்கள்.

1961 மே 16 விடியுமுன் பார்க் சுங்-ஹீ என்ற தளபதி சுமார் 3,600 வீரர்களோடு சியோலுக்குள் நுழைந்தார். நாட்டின் ராணுவமோ ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் கொண்டது! சதி நடக்கப் போவதாக வதந்திகள் முன்பே பிரதமரை எட்டியிருந்தன. தாம் நியமித்த ராணுவத் தலைமைத் தளபதியின் உறுதிமொழியை நம்பி அவர் வாளாவிருந்தார். அன்றிரவு தங்கியிருந்த ஹோட்டலை விட்டு ஓடினார். அமெரிக்கத் தூதரகத்தின் கதவு திறக்கவில்லை. கார்மேல் கன்னியர் மடம் ஒன்றில் ஒளிந்தார். சியோலிலிருந்த அமெரிக்கத் தளபதியும் தூதரகப் பொறுப்பாளரும் சட்டப்படி அமைந்த அரசையே ஆதரிப்பதாக அறிவித்தனர். ஆனால் ஆணையிட வேண்டிய பிரதமரைக் காணோம். கலகத்தை அடக்கப் படையை ஏவ ஜனாதிபதி இசையவில்லை. மே 18-ல் மடத்திலிருந்து வெளிவந்த சாங் மியோன், மந்திரி சபையின் ராஜினாமாவைக் கொடுத்தார். பின்னர் சிறையும் கண்டார், 1966-ல் மறைந்தார்.

அவர் திறமையற்றவர் என்ற தீர்ப்பைப் பரப்பியவர்கள் அவரைக் கவிழ்த்தவர்களே என்பதை நாம் மறக்கலாகாது. அவர் தயாரித்த திட்டத்தைத் தழுவியே ராணுவ ஆட்சி தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை அமைத்துக்கொண்டது. ஆயினும் அந்த இரண்டரை நாள் மறைவை மன்னிப்பது எளிதன்று. ஆட்சியில் இருப்பவன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. தன்னை நம்பியவர்களுக்காக அந்த வேளையில் வெளியே வந்து நிற்கவும் வேண்டும். தெருவில் இறங்கியிருந்த மாணவர்களும் அன்று அந்த அரசுக்காகத் திரளவில்லை. அதன் விலை பெரிது. தம் ஜனாதிபதியைத் தாமே நேரடியாகச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, 1987-ல் மீண்டும் போராடித்தான் அவர்கள் நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவ்வாண்டின் அரசியல் சட்ட முகவுரை ஏப்ரல் 19-ஐ நினைவுகூர்கிறது.

2024 டிசம்பர் 3 இரவு, ஜனாதிபதி யூன் சுக்-யோல் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். வீரர்கள் தேசிய சபையைச் சூழ்ந்தனர். இம்முறை யாரும் ஒளியவில்லை. உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றனர். வாயிலில் பொதுமக்கள் திரண்டு நின்றனர். விடியுமுன் 190 உறுப்பினர்கள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல், அந்த ஆணையை நீக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றினர். சில மணி நேரத்தில் அது திரும்பப் பெறப்பட்டது.

1961-ல் அந்நாட்டுக்கு இல்லாமற் போனது எது என்று நண்பர்கள் கேட்டால், அந்த மதிலைத்தான் நான் காட்டுவேன்.