திறக்கும் நாள் எது?

பிரான்சு நாட்டுப் பர்கண்டி ஒயின் பக்குவம் அடைந்ததை எப்படி அறிகிறார்கள்?

பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று அறியத் தட்டிப் பார்க்கிறோம். மாம்பழம் என்றால் காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்கிறோம். அதுவும் போதவில்லை என்றால் விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறோம்.

ஆனால், பழச்சாறு ஒன்று கறுத்த கண்ணாடிப் பாட்டிலுக்குள் அடைபட்டு, தக்கையால் மூடப்பட்டு, நிலவறையில் 10 ஆண்டு, 20 ஆண்டு என்று படுத்துக் கிடக்கிறது. அது பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? தட்டிப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்க வேண்டும் என்றால் திறக்க வேண்டும். திறந்தாலோ மறுபடி மூடி வைக்க முடியாது!

சிவப்புப் பர்கண்டி ஒயினை வாங்குகிறவர்களின் தலைவலி இதுதான். ஒயினைத் தொடாதவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

தங்கச் சரிவு

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளது பர்கண்டி. அங்கே டிஜோன் நகரத்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு மலைச்சரிவு நீண்டு செல்கிறது. அதற்குத் 'தங்கச் சரிவு' என்று பெயர். 'பினோ நுவார்' என்ற கறுப்புத் திராட்சை இங்கேதான் புகழ் பெற்றது.

இந்தத் திராட்சையின் தோல் மெல்லியது. அதனால் ஒயினின் நிறமும் மெல்லியது. பிற நாட்டுச் சிவப்பு ஒயின்கள் மை போலக் கறுத்திருக்க, பர்கண்டி ஒயின் மாதுளைச் சாறு போல ஒளி விடும்.

1098-ம் ஆண்டில் இங்கே தொடங்கிய சீத்தோ மடத்துத் துறவிகள் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டார்கள். எந்த வயலில் என்ன சுவை என்று வரப்பு வரப்பாகப் பிரித்து வைத்தார்கள். இன்று 1,247 துண்டு நிலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. 2015-ம் ஆண்டில் 'யுனெஸ்கோ' இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நிலத்துக்குத் தக்கபடி ஒயினுக்கும் படிகள் உண்டு. கிராமத்தின் பெயரில் வருவது ஒரு படி. அதற்கு மேல் 'பிரமியே குரூ'. எல்லாவற்றுக்கும் மேல் 'கிராண்ட் குரூ'. அந்த உச்சிப் படியில் 33 பெயர்களே இருக்கின்றன.

ஏன் காத்திருக்க வேண்டும்?

புதுப் பாக்கை மென்றால் வாய் எப்படி இழுக்கிறது! அதே துவர்ப்பு இளம் ஒயினிலும் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் 'டானின்' என்ற பொருள்தான் அதற்குக் காரணம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த டானின் துகள்கள் ஒன்றோடு ஒன்றும், நிறப் பொருளோடும் சேர்ந்து கொள்கின்றன. ஒரு பகுதி மண்டியாக அடியில் படிகிறது. துவர்ப்பு தணிகிறது. தக்கை வழியே அணு அளவாக நுழையும் காற்றும் தன் வேலையைச் செய்கிறது. செர்ரிப் பழ வாசனை மட்டும் வீசிய ஒயினில் காளான், பதப்படுத்திய தோல், மழையில் நனைந்த சருகு என்று புதிய மணங்கள் பிறக்கின்றன.

ஊரிலிருந்து வரும்போது வீட்டில் கட்டிக் கொடுத்த வடுமாங்காய் ஜாடியை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் உப்பு வேறு, மாங்காய் வேறு. ஊறிய பிறகுதானே இரண்டும் ஒன்றாகின்றன?

வாய் திறக்காத பருவம்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பர்கண்டி ஒயின் பிறந்த புதிதில் குழந்தை போலக் கலகலப்பாக இருக்கும். சில ஆண்டுகளில் திடீரென்று ஊமையாகி விடும். மணமும் தெரியாது, பழச்சுவையும் தெரியாது. புளிப்பும் துவர்ப்பும்தான் நாக்கில் நிற்கும்.

மீசை அரும்பும் வயதில் பையன்கள் யாரோடும் பேசாமல் மூலையில் உட்காருவது போல இது ஒரு பருவம். 2005-ம் ஆண்டு அறுவடையின் உயர்ந்த ஒயின்கள் பல, பத்தாண்டு கடந்தும் இப்படி இறுகிக் கிடந்தன. விவரம் அறியாதவர், "இவ்வளவு விலை கொடுத்தது வீண்" என்று மனம் நொந்து போவார். விவரம் அறிந்தவரோ, மீதிப் பாட்டில்களைத் தொடாமல் இன்னும் சில ஆண்டு பொறுத்திருப்பார்.

எத்தனை ஆண்டு?

பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். கிராமத்து ஒயினுக்கு 3 முதல் 8 ஆண்டு வரை. பிரமியே குரூவுக்கு 7 முதல் 15 ஆண்டு. கிராண்ட் குரூ என்றால் 10 ஆண்டுக்குக் குறையாமல். நல்லவை 20 ஆண்டுக்கு மேலும் தாங்கும்.

ஆனால், இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். 'பொமார்' கிராமத்து ஒயின் முரட்டுத்தனமானது என்று பெயர் பெற்றது. பக்கத்து ஊரான 'வோல்னே' ஒயினோ மென்மைக்குப் பெயர் போனது. 'குளோ த வூஜோ' என்ற ஒரே தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். அதற்குச் சுமார் 80 சொந்தக்காரர்கள்! பாட்டிலில் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் செய்த கைகள் வேறு. எனவே ஊர், தோட்டம், ஆண்டு, செய்தவர் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வானிலையும் மாறிவிட்டது. பர்கண்டியின் நடுவே உள்ள 'போன்' என்ற சிறு நகரத்தில் 1354-ம் ஆண்டிலிருந்து அறுவடைத் தேதிகளைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்தி விட்டது என்று 2019-ம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. வெயிலில் நன்றாகப் பழுத்த திராட்சையில் புளிப்பும் முரட்டுத் துவர்ப்பும் குறைவு. அந்த ஒயினை இளமையிலேயே ருசிக்கலாம். தாத்தா சொன்ன ஆண்டுக் கணக்கு பேரனுக்கு அப்படியே பொருந்தாது!

கண், மூக்கு, நாக்கு

சரி, ஒரு பாட்டிலைத் திறந்தாகி விட்டது. எப்படிச் சோதிப்பது?

முதலில் கண். கிளாசை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். ஊதா கலந்த சிவப்பு என்றால் இளமை. செங்கல் நிறம் என்றால் முதிர்ச்சி. நெடுகிலும் தேநீர் போலப் பழுப்பு என்றால் பெரும்பாலும் முதுமை. ஆனால், நிறம் வெளிறியிருப்பதை வைத்துக் கிழடு என்று முடிவு கட்டக் கூடாது. இந்தத் திராட்சை பிறவியிலேயே மென்னிறம்.

அடுத்து மூக்கு. பழ மணமும் மண் மணமும் ஒருங்கே வந்தால் அதுதான் பக்குவம். பழம் மட்டும் என்றால் பொறுக்கலாம். பழம் போய்ச் சருகு மட்டும் மிஞ்சினால் நாள் கடந்துவிட்டது.

மூன்றாவது நாக்கு. விழுங்கிய பிறகு ஈறு இழுக்கிறதா, சுவை நின்று நிதானமாகத் தேய்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. கிளாசில் ஊற்றி இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு விடுவது. நேரம் ஆக ஆக மணம் கூடினால், மீதிப் பாட்டில்கள் காத்திருக்கலாம். நேரம் ஆக ஆக மங்கினால், மீதியை இனி வைத்திருக்கக் கூடாது.

பேரேடு போல ஒரு நோட்டு

அனுபவசாலிகள் ஒரே ஒயினில் 12 பாட்டில் கொண்ட பெட்டியாக வாங்குவார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒன்றைத் திறப்பார்கள். பிறகு ஓராண்டு, ஈராண்டு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. திறந்த தேதி, நிறம், மணம், சுவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார்கள். ஆபீசில் பேரேடு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். பழைய பக்கத்தைப் பார்த்தால்தான் புதிய பக்கம் விளங்கும்.

ஒரே பாட்டில் வைத்திருப்பவருக்கும் 2013-ம் ஆண்டில் ஒரு கருவி வந்தது. ஊசியைத் தக்கையில் செருகி, 'ஆர்கான்' வாயுவைச் செலுத்தி, ஒரு வாய் ஒயினை மட்டும் எடுக்கலாம். ஊசியை உருவினால் தக்கை தானே மூடிக் கொள்ளும்.

வைத்த இடமும் முக்கியம். 13 டிகிரி அளவில் குளிர்ச்சி, இருட்டு, அசைவின்மை, தக்கை உலராதபடி படுக்கை வசம் ஆகியவை வேண்டும். மும்பையின் மே மாத வெக்கையில் அலமாரியில் நின்ற பாட்டிலுக்கு இந்த ஆண்டுக் கணக்கு எதுவும் செல்லாது. தக்கை பிதுங்கியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் மட்டம் மிகவும் இறங்கியிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

எந்தத் தவறு பெரிது?

பர்கண்டியில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஒன்று, அவசரப்பட்டுத் திறப்பது. மற்றொன்று, திறக்காமலே வைத்திருப்பது.

"மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம்" என்று வைப்பார் ஒருவர். கல்யாணக் கூட்டத்தில் அந்த ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? "பேரன் பிறக்கட்டும்" என்பார். பேரனும் பிறப்பான். "இன்னும் நல்ல நாள் வரட்டும்" என்பார். கடைசியில் திறக்கும்போது உள்ளே இருப்பது பழுப்பு நிறத் தண்ணீர். அல்லது, திறக்க அவரே இருப்பதில்லை.

1945-ம் ஆண்டு 'ரொமானே கொந்தி' ஒயின் 600 பாட்டில் அளவே தயாரானது. அதில் ஒன்று 2018-ம் ஆண்டில் நியூயார்க் ஏலத்தில் 5 லட்சத்து 58 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலை கொடுத்தவர் அதைத் திறக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அவசரப்பட்டவருக்கு அடுத்த பாட்டிலாவது மிச்சம் இருக்கும். தாமதித்தவருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள், "சந்தேகம் வந்தால் ஒன்றைத் திறந்து பார்" என்கிறார்கள்.

அந்தப் போன் நகரத்தில் 1443-ம் ஆண்டில் ஏழைகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதற்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களின் ஒயினை 1859-ம் ஆண்டிலிருந்து ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இந்த ஏலம் நடக்கும். அறுவடையாகிச் சில வாரங்களே ஆன ஒயின் பீப்பாயில் இருக்கும். அதை ஒரு வாய் சுவைத்து, பல ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று கணித்து விலை கேட்கிறார்கள். வரும் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

பக்குவத்துக்குக் காத்திருப்பவர் பிறகு குடிக்கட்டும். நோயாளிக்கு மருந்து இன்றைக்கே வேண்டுமே! அந்த ஊர்க்காரர்கள் காத்திருக்க வேண்டியதையும் காத்திருக்கக் கூடாததையும் பிரித்துப் பார்க்கக் கற்றவர்கள்.

பெட்டியின் அடியில் நல்ல நாளுக்காக மடித்து வைத்த பட்டுப் புடவை மடிப்போடு மடிப்பாக இற்றுப் போவதை நாமும் பார்த்திருக்கிறோம். பொறுமை நல்லதுதான். எடுக்க வேண்டிய நாளில் எடுத்தால்தான் அந்தப் பொறுமைக்குப் பலன்.