நிலத்துக்கும் தாதி வேண்டும்

கடந்த ஒக்டோபரில் நம் ஆலயத்தில் அறுவடைத் திருநாள் ஆராதனை நடந்தது. பீடத்தின் முன்னால் பூசணிக்காய், வாழைக்குலை, கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். ஆராதனை முடிந்து ஏலமும் கூறியாயிற்று. வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் நாங்கள் மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி வந்தாள்.

"அக்கா, நான் குவெல்ஃப் யூனிவர்சிட்டியில அக்ரிகல்ச்சருக்குத்தான் அப்ளை பண்ணப் போறன். அம்மா அப்பாவோட ஒருக்கா கதைப்பீங்களோ?"

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் முதல் பதில், "நேர்சிங்கையும் சேர்த்துப் போடு, பிறகு யோசிக்கலாம்" என்பதுதான். விளைச்சலுக்காக அரை மணித்தியாலத்துக்கு முன் கர்த்தரை ஸ்தோத்திரித்தவர்கள் நாங்கள். விளைவிக்கப் படிக்கப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னதும் பயந்துவிட்டோம்.

ஏன் பயந்தோம் என்று பிறகு யோசித்தோம். இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இது தெரியும். அங்கே மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி மிக உயரம். அது எட்டாதவர்களில் பலர் விவசாய பீடத்துக்குப் போவார்கள். "மெடிசின் கிடைக்காத பிள்ளை" என்ற பெயரும் கூடவே வரும். நாட்டை விட்டு வந்து இத்தனை வருடமாகியும், அந்த வரிசையை மட்டும் கவனமாகக் கொண்டுவந்து நம் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி வைத்துவிட்டு அம்மா நேராகவே கேட்டார்: "இரண்டு வேலை செய்து படிப்பிச்சது உதுக்கே?" அப்பா அதிகம் பேசவில்லை. வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். 1990களில் இடம்பெயர்ந்தபோது தோட்டத்தை விட்டு வந்தவர். "மண்வெட்டியோட நான் பட்டது காணும், பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தங்கச்சி தன் காரணத்தைச் சொன்னாள். போன வருடம் ஊருக்குப் போனபோது, உறவினர் வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கவில்லையாம். கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர்தானாம். ஏன் என்று விசாரித்தபோதுதான் நைத்திரேற்று என்ற சொல்லை முதன்முதலில் கேட்டிருக்கிறாள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுக்கு வருகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சும் உரமும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் மேலுள்ள மண்ணையும் அந்தக் கல்லையும் ஊடுருவி அதே தண்ணீரில் கலக்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தின் பல கிணறுகளில் அந்த அளவு தாண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். உடம்பு நீலம் பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து வரலாம்.

"உரம் போட்ட ஆக்கள் கூடாத ஆக்கள் இல்லை, அக்கா. எவ்வளவு போட வேணும் எண்டு அவைக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. அதைத்தான் நான் படிக்கப் போறன்" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூடப் போட்டால் கூட விளையும் எண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் 'மண்வெட்டி' என்று சொல்லவில்லை.

எங்களில் தாதிகளாக வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் கண் திறந்தது. மருந்து கொடுப்பதற்கு முன் நாங்கள் ஐந்தைச் சரிபார்க்கிறோம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தாதிப் படிப்பில் இது ஆரம்பத்திலேயே வரும் பாடம். விவசாயம் படிக்கிறவர்களுக்கு உரத்தைப் பற்றி இதே மாதிரி நான்கு சரிகள் இருக்கின்றன: சரியான வகை, சரியான அளவு, சரியான நேரம், சரியான இடம். அளவு தவறினால் பாதிக்கப்படுவது பயிர் மட்டும் அல்ல, தண்ணீர் குடிக்கிறவர்களும்தான்.

இது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. வயல்களிலிருந்து வழிந்துவரும் பொஸ்பரசால் நம் ஈரி ஏரியில் நச்சுப் பாசி படர்கிறது. 2014 ஆகஸ்டில் ஏரியின் அமெரிக்கக் கரையிலுள்ள டொலிடோ நகரில், அந்த நச்சு கலந்ததால் சுமார் 4 இலட்சம் பேர் சில நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் இருந்தார்கள்.

அப்படியானால் குவெல்ஃபில் என்ன படிப்பார்கள்? ஒன்ராறியோ விவசாயக் கல்லூரி 1874இல் தொடங்கியது. அதுவும், மிருக வைத்தியக் கல்லூரியும், மக்டொனால்ட் நிறுவகமும் சேர்ந்தே 1964இல் குவெல்ஃப் பல்கலைக்கழகம் ஆனது. நாம் கறிக்கு வாங்கும் 'யூக்கோன் கோல்ட்' உருளைக்கிழங்கு அங்கே உருவாக்கப்பட்டு 1980இல் வெளிவந்ததுதான். பட்டப்படிப்பு நான்கு வருடம். மண்ணியல், பயிர் நோய்கள், பூச்சியியல், மரபியல், புள்ளிவிபரவியல், பண்ணைக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. உள்ளே போக உயிரியலும் இரசாயனமும் கணிதமும் தேவை. "கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது வீண்" என்று நினைக்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருதரம் வாசியுங்கள். இரண்டு வருட டிப்ளோமா விரும்புகிறவர்களுக்கு அதன் ரிட்ஜ்டவுன் வளாகம் இருக்கிறது.

பெற்றோரே, உங்கள் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. ஒன்ராறியோவில் காணி வாங்குவது எல்லாராலும் முடிந்த காரியம் அல்ல. ஆனால் விவசாயம் படித்தவர்கள் எல்லாரும் சொந்தப் பண்ணை வைத்திருப்பதில்லை. விதை நிறுவனம், உணவுப் பரிசோதனை, லெமிங்டன் பக்கத்துக் கண்ணாடிக்கூடத் தோட்டங்கள், விவசாயக் கடன் கொடுக்கும் வங்கி, ஆராய்ச்சி நிலையம் என்று வேலைகள் பல பக்கமும் இருக்கின்றன. நயாகரா பகுதியின் வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்டியையும் கத்தரியையும் இந்தக் காலநிலையில் வளர்ப்பதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். நம் சமையலறையை அறிந்த பிள்ளைக்கு அப்படியான இடத்தில் சொல்ல ஏதாவது இருக்கும்.

வாலிபரே, ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களை இந்த வாரம் வாசியுங்கள். சீரகத்துக்கு ஓர் இடம், கோதுமைக்கு ஓர் இடம் என்று உழவன் பார்த்து விதைக்கிறான். சீரகத்தைக் கோலால் அடிக்கிறான். அதன்மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டுவதில்லை. இந்த அளவறிவை அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறவர் தேவனே என்கிறார் தீர்க்கதரிசி. வைத்தியமும் ஊழியமும்தான் அழைப்பு என்று பேசியே பழகிவிட்டோம். மண்ணுக்கு எவ்வளவு போதும் என்று அறிவதும் கர்த்தர் கற்பிக்கும் பாடம் என்று நம் பிரசங்கங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்?

விண்ணப்ப முடிவுத்திகதி ஜனவரி நடுப்பகுதியில் வருகிறது. தங்கச்சியின் அம்மா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. நேர்சிங்கையும் ஒரு தெரிவாகப் போடச் சொல்லியிருக்கிறார், அவளும் போடுவாள். ஆனால் போன வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அப்பா எங்களை நிறுத்தி, மார்ச் மாதத்தில் குவெல்ஃப் மாணவர்கள் நடத்தும் 'காலேஜ் றோயல்' திறந்த நாளுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். 1925 முதல் நடந்துவரும் நிகழ்வு அது. இம்முறை வாலிபர் ஐக்கியமாகவே போக நினைத்திருக்கிறோம். வேனில் இன்னும் இடம் இருக்கிறது. பெற்றோரும் வரலாம்.

அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, நீங்கள் எதிர்பாராத படிப்பின் பெயரைச் சொன்னால், எங்களைப் போல முதலில் பதில் சொல்லிவிடாதீர்கள். "ஏன், பிள்ளை?" என்று கேளுங்கள்.